அன்று கடல் தாண்டினால் பாவம்! இன்று விசாவுக்குப் பிரதட்சணமா?

சென்ற மாதம் நெய்வேலியில் நடந்த ஒரு பிரசாரக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்ததும் இராத் தங்குவதற்கு டவுன்ஷிப்பில் ஒரு தோழர் வீட்டிற்கு அழைத்துக் கொண்டு போனார்கள். அந்தத் தோழர் சுரங்கத்தில் ஷிப்டு வேலை பார்ப்பவர். பல வருஷ காலமாக இயக்கப் பத்திரிகைகளை வாங்கிப் படிப்பவர். எந்தக் கூட்டமானாலும் கறுப்புச் சட்டையோடு வந்து முன்வரிசையில் உட்காருபவர். அவருக்கு இரண்டு மக்கள். மூத்தது பெண், இளையது ஆண். இருவருமே இன்ஜினீயரிங் பரீட்சையில் தேறினவர்கள். பையனை மேல் படிப்புக்கு வெளிநாட்டிற்கு அனுப்ப வேண்டுமென்பது தோழருடைய வெகுநாள் ஆசை. ஆசை நல்ல ஆசைதான். கேட்டு நாமும் சந்தோஷப்பட்டோம். "எந்த நாட்டிற்கு, எந்தச் சர்வகலாசாலைக்கு, எப்போது புறப்பாடு?" என்று கேட்டோம்.

தோழர் தலையைக் குனிந்து கொண்டு, "ஜெர்மனிக்கு என்றுதான் உத்தேசம். ஆனால் பையன் ஜாதகத்தில் பன்னிரண்டாம் இடம் இப்போது சரியில்லையாம். சனி பெயர்ந்த பிறகு காகிதம் போட்டால்தான் கைகூடும் என்று சொன்னார்கள். அதைப் பார்த்துக் கொண்டிருந்ததில் 2025ம் வருஷத்து ஜூலை 15ந் தேதி தவறிப் போய்விட்டது" என்றார்.

"ஜாதகம் பார்த்தீர்களா? நீங்களா?" என்றோம்.

"என்ன செய்கிறது, தோழர்! வீட்டிலே கேட்கவில்லை" என்றார்.

உள்ளே தோசை வார்த்துக் கொண்டிருந்த அம்மையார் கரண்டியும் கையுமாக வெளியே வந்து விட்டார். "அண்ணே, அது பொய். கறுப்புச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஜாதகத்தைக் கக்கத்தில் வைத்துக் கொண்டு போனது இவரேதான். எங்கள் பேரில் பழியைப் போடுவதே இவர்களுக்கு வழக்கம்!" என்றார்.

இதை நாம் வேடிக்கைக்காக எழுதவில்லை. ஒரு பிள்ளையின் வாழ்நாளில் ஒரு வருஷம் வீணாகிவிட்டது. அதை வீணாக்கினவர் யாரோ பட்டிக்காட்டுப் பாமரர் அல்ல. நம்முடன் கூட்டத்தில் கைதட்டுகிறவரே வீணாக்கியிருக்கின்றார். ஆகவேதான் வெளியாரை வைவதற்கு முன் நம்மவர்களைக் கேட்க வேண்டியதாயிருக்கின்றது.

முதலில் அந்தச் சனியையே விசாரிப்போம். சனி என்பது சூரியனிலிருந்து சுமார் 143 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் சுற்றிக் கொண்டிருக்கின்ற ஒரு கோள். அது ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷமாகும். அதற்கு ஜெர்மனியும் தெரியாது, நெய்வேலியும் தெரியாது. அது போகட்டும், அது எப்போது பெயர்கின்றது என்பதிலாவது இந்தப் பஞ்சாங்கக்காரர்களுக்குள் ஒற்றுமை உண்டா? திருக்கணிதப் பஞ்சாங்கம் 2025 மார்ச்சு 29ந் தேதியே சனி பெயர்ந்து விட்டது என்றது. வாக்கியப் பஞ்சாங்கம் இல்லை, 2026லேதான் பெயரும் என்றது. சனிக்கே பேர்போன திருநள்ளாற்றுக் கோயிலாரும் 2025ல் பெயர்ச்சி இல்லை என்று அறிவித்தார்கள். ஒரே சனி, ஒரே ஆகாயம், இரண்டு தேதி! வருகின்ற வருஷமே நிச்சயமில்லாத ஒருவனைப் பார்த்து, "என் பிள்ளை எந்த மாதம் விண்ணப்பம் போடலாம்?" என்று கேட்கின்ற அறிவை என்னவென்று சொல்வது? ஜெர்மன் சர்வகலாசாலைகள் பலவற்றின் ஜூலை 15 என்ற கெடு வாக்கியக்காரனுக்கும் ஒன்றுதான், திருக்கணிதக்காரனுக்கும் ஒன்றுதான். அந்தத் தேதியில் அபிப்பிராய பேதமே கிடையாது.

இந்த ஜோசியத்தினுடைய யோக்கியதை நமக்குச் சொந்த அநுபவத்திலேயே தெரியும். நாம் எட்டாவது வகுப்புப் படித்துக் கொண்டிருந்தபோது நம் தகப்பனாரிடம் ஒரு ஜோசியன், "இவனுக்கு வித்தியா ஸ்தானமே இல்லை, படிப்புக்குப் போடுகிற காசு ஆற்றிலே போட்டது" என்று சொல்லி எட்டணாத் தட்சணையும் அரைப்படி அரிசியும் வாங்கிக் கொண்டு போனான். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு நாம் கற்றதெல்லாம் டீக்கடைப் பத்திரிகையிலும் நூல்நிலையத்துப் பெஞ்சியிலும் கற்றதுதான். நம்முடைய படிப்பை நிறுத்தினது வியாழனுமல்ல, புதனுமல்ல; ஜோசியன் சொல்லும் அதை நம்பின தகப்பனாருமேயாகும். ஆகையால் இந்த விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் ஆத்திரம் அதிகமாயிருந்தால் வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

நிற்க, கடல் தாண்டிப் படிக்கப் போகும் விஷயத்தில் இந்த நாட்டுச் சாஸ்திரங்கள் என்ன சொல்லி வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். கடல் யாத்திரை செய்கிறவன் ஜாதியை இழக்கிறான் என்று பௌதாயன தர்மசூத்திரம் சொல்லுகின்றது. இது ஏதோ ஏட்டிலே கிடந்த சங்கதி அல்ல. 1888ல் காந்தி லண்டனுக்குப் பாரிஸ்டர் படிப்புக்குப் புறப்பட்டபோது பம்பாயில் அவருடைய மோத் பனியா ஜாதியார் கூட்டம் போட்டு அவரை ஜாதிப் பிரஷ்டம் செய்தார்கள். அவருக்கு உதவி செய்கிறவனுக்கும் கப்பலேற்றி வழியனுப்பப் போகிறவனுக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதம் என்றும் தீர்மானித்தார்கள்.

நமது நாட்டிலேயே கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜத்தை 1913ல் கேம்பிரிட்ஜிலிருந்து அழைத்தபோது, ஜாதி ஆசாரத்தை உத்தேசித்து முதலில் வர மறுத்து விட்டார். பிறகு 1914 மார்ச்சு 17ந் தேதி சென்னையில் கப்பலேறினார். உலகமே மெச்சும்படியான காரியங்களைச் செய்துவிட்டு 1919ல் வியாதியோடு திரும்பி வந்து 1920ல் தமது 32வது வயதில் இறந்து போனார். கடல் தாண்டின தோஷம் கழிக்கப்படவில்லை என்பதாக அவருடைய வைதிக உறவினர்களில் பெரும்பாலோர் அவர் சாவுக்குக்கூட வரவில்லை என்று அவர் வரலாற்றை எழுதினவர்கள் சொல்லுகின்றார்கள். மேதைக்கே இந்தக் கதி என்றால் சாதாரண மனிதனைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

ஆனால் தோழர்களே, இங்கே ஒரு சூழ்ச்சியைக் கவனிக்க வேண்டும். 1860ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'துருரோ' என்ற கப்பலில் கூலியாட்களை ஏற்றிக் கொண்டு போய்த் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் கரும்புத் தோட்ட வேலைக்கு இறக்கினார்கள். இலங்கைக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் பிஜித் தீவுக்கும் நம் மக்கள் ஆயிரம் ஆயிரமாகப் போனார்கள். அப்போது எந்தச் சாஸ்திரியாவது துறைமுகத்தில் வந்து நின்று கொண்டு, "ஐயோ, கடல் தாண்டாதே, தோஷம்" என்று தடுத்தானா? கூலிக்குப் போகிறவனைத் தடுக்காத கடல், படிக்கப் போகிறவனுக்கு மட்டும் தீட்டாகி விட்டது. ஏன்? கூலிக்குப் போனவன் முதுகு வளைந்து வருவான். படிக்கப் போனவன் தலை நிமிர்ந்து வந்து, "நீ யார் எனக்கு மேல்?" என்று கேட்பான். பயமெல்லாம் அந்தக் கேள்விக்குத்தான்.

அப்படிக் கேட்டவர்தான் டாக்டர் அம்பேத்கர். 1913ல் பரோடா மகாராஜா கொடுத்த மாதம் பதினொன்றரைப் பவுன் உதவிச் சம்பளத்தில் நியூயார்க்கு கொலம்பியா சர்வகலாசாலைக்குப் போனார். பிறகு லண்டனுக்குப் போனார். உதவிச் சம்பளத்தின் தவணை முடிந்து விட்டதால் 1917ல் திரும்பி வந்து ஒப்பந்தப்படி பரோடாவில் உத்தியோகம் ஒப்புக் கொண்டார். அவ்வளவு படித்த மனிதருக்கு அந்த ஊரில் தங்க ஓர் அறை அகப்படவில்லை. பார்சிப் பெயர் வைத்துக் கொண்டு ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் தடிகளோடு வந்து அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். பிறகு அன்று முழுவதும் இடம் தேடியும் கிடைக்காமல் ஒரு பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்து விட்டு, இரவு இரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். இந்த அநுபவத்தை அவர் எழுதி வைத்த சிறு நூலுக்கு அவர் கொடுத்த தலைப்பு என்ன தெரியுமா? 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்பதாகும். அந்நிய நாட்டுக்குப் போக அவருக்கு விசா அகப்பட்டது. சொந்த நாட்டுத் தெருவுக்குள் போகத்தான் அகப்படவில்லை.

இந்தப் பழங்கதைகளை எதற்குச் சொல்லுகிறோமென்றால், அதே சாஸ்திரக் கூட்டம் இன்று அந்தர்பல்டி அடித்திருக்கின்றது. அன்று கடல் தாண்டினால் பாவம் என்றவர்கள் இன்று கடல் தாண்ட வரம் கொடுப்பதற்கென்றே சாமி வைத்திருக்கின்றார்கள். ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூர் என்ற ஊரிலுள்ள பாலாஜிக்கு இப்போது 'விசா பாலாஜி' என்று பேர். வேண்டிக் கொள்ளும்போது 11 பிரதட்சணம், விசா வந்த பிறகு 108 பிரதட்சணம் என்று கணக்கு. சென்னையில் விமான நிலையத்துப் பக்கத்தில் ஒரு 'விசா விநாயகர்' இருக்கின்றார். இந்துக்களை மட்டும் சொல்லுகிறோமென்று யாரும் கோபிக்க வேண்டாம். பஞ்சாபில் ஜலந்தருக்கு அருகில் தல்ஹன் என்ற ஊர்ச் சீக்கியர் குருத்துவாராவில், வெளிநாடு போக வேண்டுமென்று பொம்மை ஆகாய விமானங்களைக் காணிக்கை வைத்து வந்தார்கள்.

"சில்கூரில் உண்டியலே கிடையாதே, காசு வாங்குவதில்லையே, இதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்பார்கள். உண்டியல் இல்லையென்பது வாஸ்தவந்தான். ஆனால் காசு மட்டுந்தானா நஷ்டம்? விசா கிடைத்தவன் சாமி கொடுத்தார் என்கிறான். கிடைக்காதவன் தன் பக்தியில் குறை என்கிறான். இரண்டு பேருமே உண்மைக் காரணம் என்னவென்று தேடுவதில்லை. அதுதான் நஷ்டம்! அமெரிக்க விசா மறுக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) என்ற பிரிவு. மாணவ விசா கேட்கின்ற ஒவ்வொருவரையும் அங்கேயே தங்கிவிட வருகிறவர் என்றே அச்சட்டம் வைத்துக் கொள்ளுகின்றது. அப்படியல்ல, படிக்கத்தான் போகிறேன் என்று ருஜுப்பிக்க வேண்டியது மாணவன் பொறுப்பு. என்ன படிப்பு, ஏன் அந்தச் சர்வகலாசாலை, பணம் யார் கொடுக்கிறார்கள், படித்த பின் என்ன உத்தேசம் என்று அதிகாரி கேட்கும்போது இரண்டு நிமிஷத்தில் தெளிவாய்ப் பதில் சொல்ல வேண்டும். 108 சுற்றுச் சுற்றினவனுக்கு இதில் ஒரு பதிலாவது கூடுதலாய்த் தெரியுமா?

இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறவன் காட்ட வேண்டிய பணம் தொடர்ந்து 28 நாள் பாங்கிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. நம்மவர்கள் 48 நாள் மண்டலம் விரதம் இருக்கின்றார்கள். 27வது நாள் பாங்கியிலிருந்து பணத்தை எடுத்து விடுகின்றார்கள்! விரதம் நிறைவேறுகிறது, விசா நிறைவேறுவதில்லை. 2020ல் கொரோனா வந்து விமானங்கள் நின்று, தூதராலயங்கள் மூடி, கோயில்களும் கதவைச் சாத்திக் கொண்டபோது எந்தச் சாமி எத்தனை பேரை அனுப்பி வைத்தது?

ஜோசியனுக்கும் சாமிக்கும் அடுத்தபடியாக மூன்றாவது ஒரு பூசாரி உண்டு. அவர்தான் ஏஜண்டு. கோட்டு, டை போட்டிருப்பதால் அவர் பூசாரி என்று நமக்குத் தெரிவதில்லை. பல வெளிநாட்டுக் கல்லூரிகள் ஆள் சேர்த்துக் கொடுப்பதற்கு ஏஜண்டுக்குக் கமிஷன் கொடுக்கின்றன. ஆகவே அவர் உன் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி நல்லது என்று பார்ப்பாரா, தமக்கு எந்தக் கல்லூரி நல்லது என்று பார்ப்பாரா? எல்லோரும் மோசக்காரர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கண்ணை மூடிக் கொண்டு கையெழுத்துப் போடுகிறவன் நல்லவனிடத்திலும் ஏமாறுவான். 2023ல் பஞ்சாபைச் சேர்ந்த பல மாணவர்கள், தாங்கள் கனடாவுக்குக் கொண்டு போன கல்லூரி அநுமதிக் கடிதமே போலி என்று தெரிந்து, நாடு கடத்தப்படும் நிலைமைக்கு வந்தார்கள். அந்தக் கல்லூரிக்கே நேரில் ஒரு கடிதம் எழுதி, "இது உங்களுடையதுதானா?" என்று கேட்டிருந்தால் போதும். சாமியிடம் கேட்க நேரம் இருந்தது. கல்லூரியிடம் கேட்கத்தான் தோன்றவில்லை.

நெய்வேலித் தோழர்களுக்கு இதை நாம் சொல்லிக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் காலுக்குக் கீழேயே பாடம் இருக்கின்றது. பழுப்பு நிலக்கரி அங்கே இருப்பது தெரிந்தும் வெகுகாலம் எடுக்க முடியாமல் இருந்ததற்குக் காரணம் என்ன? கரிப் படுகைக்கு அடியில் நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. மேல் மண்ணை எடுத்தால் அது பொத்துக் கொண்டு மேலே வந்து சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். இதற்கு யாரும் வருண ஜபம் செய்து பரிகாரம் தேடவில்லை. குழாய்க் கிணறு இறக்கி, அழுத்தத்தை அளந்து, எத்தனை பம்பு வேண்டும் என்று கணக்கிட்டு, இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்தார்கள். 1956ல் கம்பெனி ஏற்பட்டது. 1957ல் தோண்டத் தொடங்கினார்கள். 1961ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962ல் சோவியத் உதவியோடு கட்டின மின் நிலையத்தில் மின்சாரம் பிறந்தது. மண் வெட்டுகின்ற பக்கெட் வீல் இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. இன்று அதே இயந்திரத்துக்கு ஆயுத பூசையன்று குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். அதைச் செய்த ஜெர்மன்காரன் எலுமிச்சம்பழம் நசுக்கியா செய்தான்?

சுரங்கத்தில் கணக்கை நம்பி உயிரை வைத்து இறங்குகின்ற அதே தோழர், வீட்டுக்கு வந்ததும் பிள்ளை படிப்புக்கு மட்டும் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார் என்றால், அறிவை ஷிப்டு முடிந்தவுடன் கேட்டிலேயே ஒப்படைத்து விட்டு வருகிறார் என்றுதானே அர்த்தம்?

இனி, கணக்கு என்றால் என்ன கணக்கு என்பதைச் சொல்லுவோம். இதை நாம் கண்டுபிடிக்கவில்லை. அன்றிரவு அந்த வீட்டிலேயே ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் கண்டோம். நாங்கள் பேசிக் கொண்டிருந்தபோது மூத்த பெண் அந்த நோட்டைக் கொண்டு வந்து கொடுத்தாள். அதில் முத்து முத்தாக எழுதியிருந்தது.

ஜெர்மனியில் அரசாங்கச் சர்வகலாசாலைகள் பெரும்பாலானவற்றில் படிப்புச் சம்பளம் கிடையாது. ஆனால் பாடன் வூர்ட்டம்பர்க் மாகாணத்தில் நம் போன்ற வெளிநாட்டாருக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ உண்டு. மூனிச் தொழில்நுட்பச் சர்வகலாசாலையும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வெளிநாட்டாரிடம் சம்பளம் வாங்குகிறது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் 'ஏ.பி.எஸ்.' என்ற சான்றுச் சோதனைப் பத்திரம் வாங்கியாக வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். ஆகையால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவுக்கென்று ஒரு தனிக் கணக்கில் பணம் கட்டிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அதை 11,904 யூரோ என்று வைத்தார்கள். நம் ரூபாயில் பத்து லட்சத்துக்கு மேல். அது போய்விடுகிற பணம் அல்ல. மாதம் 992 யூரோ வீதம் மாணவனுக்கே திரும்பி வரும். பாங்கிக் கடன் நாலு லட்சம் வரையில் ஈடு இல்லை. ஏழரை லட்சத்துக்கு மேல் சாதாரணமாக ஈடு கேட்பார்கள். படிக்கின்ற காலத்திலும் வட்டி ஏறிக் கொண்டே இருக்கும்.

தகப்பனார் ஏழரை நாட்டுச் சனிக்குப் பயந்து கொண்டிருந்தபோது மகள் ஏழரை லட்சத்துக்கு வழி தேடிக் கொண்டிருந்திருக்கிறாள்!

இதற்கடுத்த பக்கத்தில் அவள் நாலு கேள்வி எழுதியிருந்தாள். இந்தப் படிப்பை இங்கேயே படிக்க முடியாதா? முடியாதென்றால் எந்தப் பாடத்துக்காகப் போகிறோம்? கடன் எத்தனை வருஷத்தில் அடையும்? வேலை கிடைக்காவிட்டால் வீடு தாங்குமா? இந்த நாலு கேள்விக்கும் பதில் எழுதாமல் விமானம் ஏறுவதும், குறி கேட்டு ஏறுவதும் ஒன்றுதான். ஏனென்றால் வெள்ளைக்காரன் நாடும் சாமி அல்ல. அங்கேயும் பேருக்குக் கல்லூரி நடத்திக் காசு பறிக்கின்றவர்கள் உண்டு. படிக்கும்போதே வேலை செய்து கடனை அடைத்து விடலாம் என்று ஆசை காட்டுவார்கள். இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மாணவன் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணிக்கு மேல் வேலை செய்யச் சட்டம் இடங்கொடுக்காது. 2022 பிப்ரவரியில் உக்ரேனில் யுத்தம் மூண்டபோது மருத்துவம் படிக்கப் போன ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகள் பாதாள அறைகளில் பதுங்கியிருந்து, படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார்கள். சனியை விட்டு விட்டு அமெரிக்காவைக் கும்பிடுவதும் மூடநம்பிக்கையே.

பணமில்லாதவன் என்ன செய்வான் என்று கேட்பீர்கள். அம்பேத்கரைப் போல உதவிச் சம்பளத்தில் போக இன்றும் வழி உண்டு. தாழ்த்தப்பட்ட மக்களுக்காக 1954ம் வருஷத்திலிருந்து இந்திய அரசாங்கத்தில் வெளிநாட்டுப் படிப்பு உதவித் திட்டம் இருக்கின்றது. தமிழ்நாட்டு அரசாங்கத்தில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரால் ஒரு திட்டம் இருக்கின்றது. அதில் வருஷத்துக்கு 36 லட்சம் ரூபாய் வரையில் கொடுக்கின்றார்கள். எத்தனை சேரிகளில் இது தெரியும்? எந்தக் கோயிலில் எந்த விளக்குப் போட்டால் என்ன பலன் என்பது ஒவ்வொரு வீட்டிலும் தெரிகின்றது. இந்த விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்பது பத்துத் தெருவுக்கு ஒருவருக்குக்கூடத் தெரிவதில்லை. நம் கழகத் தோழர்கள் செய்ய வேண்டிய பிரசாரம் இதுவல்லவா?

அந்தத் திட்டத்திலும் விழிப்பாயிருக்க வேண்டும். 2022ல் இந்திய அரசாங்கத்தார் தங்கள் திட்டத்துக்கு ஒரு விதி செய்தார்கள். இந்தியப் பண்பாடு, சரித்திரம், இந்திய சமூகம் ஆகியவற்றைப் பற்றி வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்ய இந்தப் பணம் கிடையாது என்பது அந்த விதி. அம்பேத்கர் 1916 மே மாதத்தில் கொலம்பியாவில் படித்த கட்டுரை எதைப் பற்றி? இந்தியாவில் ஜாதிகள் எப்படி உண்டாயின என்பதைப் பற்றி! ஆகவே, இந்த விதி அன்றிருந்தால் அந்த ஆராய்ச்சிக்கு அம்பேத்கருக்கே உதவி கிடைத்திராது. கடல் தாண்டலாம், ஆனால் கேள்வி கேட்கக் கூடாதென்றால், பௌதாயனர் வேறு சட்டை போட்டுக் கொண்டு வந்திருக்கிறார் என்பதல்லாமல் வேறென்ன?

கடல் தாண்டிப் போனால் ஜாதியாவது தொலையுமா என்றால் அதுவும் கூடவே பெட்டியில் ஏறிக் கொள்ளுகின்றது. அதனால்தான் அமெரிக்காவில் சியாட்டில் நகரசபை 2023 பிப்ரவரியில் ஜாதி வேற்றுமை காட்டுவதைச் சட்டத்தில் தடுத்தது. கலிபோர்னியாவில் அதே மாதிரிச் சட்டத்தை அதே வருஷம் சட்டசபை நிறைவேற்றியும் கவர்னர் மறுத்துத் திருப்பி விட்டார். உப்பு, புளி, ஊறுகாயோடு ஜாதியையும் கட்டிக் கொண்டு போகின்றவன் எவ்வளவு பெரிய பட்டம் வாங்கி என்ன பிரயோசனம்?

கடைசியாக அந்த நோட்டுப் புஸ்தகத்துக்கு வருவோம்.

"இதையெல்லாம் யாருக்காக எழுதினாய், அம்மா?" என்று கேட்டோம்.

"தம்பிக்காக, மாமா" என்றாள்.

"உனக்கு?"

பெண் பதில் சொல்லவில்லை. தகப்பனார்தான் சொன்னார்: "பொம்பிளைப் பிள்ளையை எப்படி அவ்வளவு தூரம் தனியாக அனுப்புகிறது, தோழர்? ஒரு கலியாணத்தைச் செய்து விட்டால் பிறகு அவள் பாடு, மாப்பிள்ளை பாடு. இவளுக்குச் சேர்த்து வைத்த நகையை வைத்துத்தான் பையனுக்குக் கணக்குக் கட்ட வேண்டும்."

பரீட்சையில் யாருக்கு அதிக மார்க்கு என்று விசாரித்தோம். பெண்ணுக்குத்தான். பையனே சிரித்துக் கொண்டு ஒப்புக் கொண்டான். "அக்காதான் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது" என்றும் சொன்னான்.

தோழர்களே! இதற்கு எந்த ஜோசியனைக் குற்றம் சொல்வது? இதற்குச் சனியும் காரணமில்லை, பாலாஜியும் காரணமில்லை. இந்த வீட்டில் மனு இன்னும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறான் என்பதுதான் காரணம். "எப்படித் தனியாக அனுப்புவது?" என்கிறார்களே, நூறு வருஷத்துக்கு முன்னே போனவர்கள் எப்படிப் போனார்கள்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1925ல் மேல் பயிற்சிக்கு லண்டனுக்குப் போய் வந்தார். சென்னையில் பெண்கள் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜானகி அம்மாள், அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலை ஆசியப் பெண்களுக்கென்று கொடுத்த உதவிச் சம்பளத்தில் போய்த் தாவர சாஸ்திரம் படித்து 1931ல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது கடிதம் போய்ச் சேர ஒரு மாதம் பிடிக்கும். இப்போது கையிலிருக்கும் போனில் முகத்தைப் பார்த்துப் பேசுகிறோம். தூரம் குறைந்து விட்டது; நம்முடைய மனசிலுள்ள தூரந்தான் குறையவில்லை.

"நம்பிக்கை அவரவர் இஷ்டம்" என்று யாராவது சொல்லலாம். உன் இஷ்டத்துக்கு நீ பட்டினி கிட, நாம் குறுக்கே வரவில்லை. உன் பிள்ளையின் வருஷத்தைப் பட்டினி போடுவதற்கும், உன் மகளின் மார்க்கை நகைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்கும் உனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்றுதான் கேட்கின்றோம்.

ஆகவே, பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்ப நினைக்கின்ற தோழர்கள் ஜாதகக் கட்டை அடுப்பில் போடட்டும். படிக்கப் போகிற பிள்ளையையே உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்லட்டும். சர்வகலாசாலைக்கு நேரே எழுதட்டும். ஏஜண்டு சொன்னதை அதே சர்வகலாசாலையின் விதியோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வீட்டில் மகனும் மகளும் இருந்தால், யாருக்கு அந்தப் படிப்பில் அதிகத் தகுதியும் ஆசையும் இருக்கிறதோ அவர்களை முதலில் அனுப்பட்டும்.

மறுநாள் காலையில் நாம் பஸ் ஏறும்போது தோழர் வழியனுப்ப வந்தார். கறுப்புச் சட்டைதான் போட்டிருந்தார். "அடுத்த கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள்" என்றார். "வருகிறோம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம். அடுத்த ஜூலை 15க்குள் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு விண்ணப்பம் போக வேண்டும். ஒன்று போதாது" என்று சொல்லிவிட்டு வந்தோம். போயிற்றா இல்லையா என்பதை விசாரித்துக் கொண்டே இருப்போம். வாசகர்கள் தங்கள் தங்கள் வீட்டிலும் அதே விசாரணையைச் செய்து கொள்ளும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம்.